கொசுவின் இனம் அறிந்த கிள்ளான் மருத்துவர்

மலாயாவின் கித்தாத் தோட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறைத் தமிழர், புலிக்கும் பாம்புக்கும் பலியானதைவிடக் காய்ச்சலுக்குப் பலியானதே மிகுதி.

1901-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் பணியேற்றபோது, கிள்ளான் நகரம் மலேரியாவில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், தொழிலாளர் கூட்டங்கூட்டமாகப் படுத்துவிட்டனர். திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது.

கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் சிக்கந்தராபாத்தில் கண்டது 1897-இல். நான்கே ஆண்டுகளில் வாட்சன் அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். காடு வெட்டப்பட்டது, சதுப்பு தூர்க்கப்பட்டது, வடிகால்கள் தோண்டப்பட்டன. 1901-இல் இவ்விரண்டு ஊர்களிலும் காய்ச்சலால் மாண்டவர் 368 பேர். மறு ஆண்டில் 59 பேர்.

ஆனால், இதே முறை குன்றுப்பாங்கான தோட்டங்களில் நேர்மாறான பலனைத் தந்தது. காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் பெருகிற்று. புதுமண்ணைக் கிளறினால் நச்சாவி எழும் என்று நம்பிய துரைமாருக்கு இது நல்ல சான்றாகிவிட்டது! கடற்கரைச் சமவெளியிலும் மண்ணைக் கிளறத்தானே செய்தார்கள்? அங்கே ஏன் நோய் தணிந்தது?

விடை ஓடைகளில் கிடந்த கொசுப்புழுக்களில் இருந்தது. சமவெளியில் நோய் பரப்பியது அம்ப்ரோசஸ் என்னும் அனோபிலிஸ் இனம். அது நிழலடர்ந்த காட்டுச் சதுப்பில் வளர்வது. காடு போனால் அதுவும் போய்விடும். குன்றடிவாரத்தில் இருந்ததோ மாக்குலேட்டஸ் என்னும் வேறோர் இனம். அதற்கு வேண்டியது வெயில் படும் தெளிந்த ஊற்றுநீர். காட்டை வெட்டியவர்கள் தம்மை அறியாமலே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டனர். அந்த அறியாமைக்கு விலை கொடுத்தவர்கள், ஓடைக்கு அருகே லயங்களில் குடியமர்த்தப்பட்ட தொழிலாளர்கள். நோய்க்குப் பழகாத உடலோடு கப்பலிறங்கியவர்களில் பலர் ஊர் திரும்பவேயில்லை.

ஓடைநீரை மண்குழாய்கள் வழியே நிலத்தடியில் செலுத்துவது வாட்சன் கண்ட மாற்று. கொசு அந்நீரை எட்ட முடியாது. ஆயினும் செலவு பெரிது; ஆதலால் எண்ணெய் தெளிக்கும் முறையே பின்னர் எங்கும் பரவியது. எண்ணெய்க் கலத்தை முதுகில் சுமந்து ஓடையோரம் நடந்தவர்களிலும் தமிழர் பலர். புழு கொசுவாவதற்கு ஒரு வாரமோ சற்றுக் கூடுதலோ ஆகும். அதனால் அவர்கள் மழையானாலும் வெயிலானாலும் வாரந்தோறும் போயாக வேண்டும். ஒரு வாரம் தவறினால் சில வாரங்களில் லயத்தில் காய்ச்சல்தான்.