பைன் சருகில் சின்னப் பழுப்புக் காளான்: அடையாளம் காண போட்டோ மட்டும் போதுமா?

2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்ட குறைந்தது 13 பேர் இறந்துபோனார்கள். காளானைத் தப்பாக அடையாளம் கண்டால் என்ன ஆகும் என்பதற்கு அது ஓர் உதாரணம். பைன் காடுகளில் அப்படி ஏமாற்றக்கூடிய ஒன்று, கலரினா மார்ஜினேட்டா.

எங்கே வளரும்?

ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா மூன்றிலும் இருக்கிறது. மட்கிப்போன மரக்கட்டையில், முக்கியமாக பைன் போன்ற ஊசியிலை மரங்களின் கட்டையில் வளரும். கட்டை புதைந்து கிடந்தால், காளான் சருகிலிருந்தே முளைத்த மாதிரி தெரியும்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தொப்பி: அகலம் பெரும்பாலும் 1.5 முதல் 4 செ.மீ. ஈரமாக இருக்கும்போது தேன் கலந்த பழுப்பு. காயக் காய வெளிறிவிடும். அதனால் காலையில் எடுத்த போட்டோவும் மதியம் எடுத்த போட்டோவும் வேறு வேறு காளான் போலத் தெரியலாம்.

தண்டு: மேல்பகுதியில் மெல்லிய வளையம் இருக்கும். கீழே போகப் போக நிறம் கருக்கும். வளையம் உதிர்ந்தும் போகலாம். எனவே, ‘வளையம் இல்லை, அப்போ இது அது இல்லை’ என்று முடிவு செய்யாதீர்கள்.

வித்துத் தூள்: தொப்பியை வெட்டி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, டம்ளரால் மூடி ஒரு ராத்திரி விடுங்கள். கலரினா என்றால் துருப்பிடித்த பழுப்பு நிறத்தில் தூள் படியும். வெள்ளைத் தூள் என்றால் அது வேறு காளான். ஆனால், அதுவும் சாப்பிடலாம் என்பதற்கான சான்று இல்லை. மேலிருந்து எடுத்த போட்டோவில் இந்த நிறம் தெரியாது.

எதோடு குழம்பும்?

ஐரோப்பாவில் சிலர் சாப்பிடும் கியூனரோமைசஸ் மியூட்டபிலிஸ் என்ற காளானும் கட்டையில்தான் வளரும். அதன் வித்துத் தூளும் பழுப்புதான். வளையத்துக்குக் கீழே தண்டில் சின்னச் சின்னச் செதில்கள் இருப்பது முக்கிய வித்தியாசம். பழக்கமானவர்களே இதில் ஏமாறுவது உண்டு.

சாப்பிட்டுவிட்டால்?

இதில் இருப்பது அமடாக்சின். சமைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பிறகு கொஞ்சம் சரியான மாதிரி இருக்கும். அந்த நேரத்திலும் கல்லீரல் கெட்டுக்கொண்டே இருக்கும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், மீதமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.