பர்மா அரிசி நின்றபோது

திருவனந்தபுரத்தில் பழவங்காடி கணபதிக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டு நாலு எட்டு வைத்தால் சாலைக் கடைத்தெரு. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சந்தை அது. அங்கே அரிசிக்குத்தான் முதல் மரியாதை. நாஞ்சில்நாட்டு நெல் போதாமல் பர்மா அரிசியும் கப்பலேறி வந்தது. 1942-இல் பர்மா ஜப்பான் வசமானதும் அந்த வரத்து நின்றது. விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய மரவள்ளிக்கிழங்கு பல வயிறுகளைக் காத்தது. பின்னாலேயே ரேஷனில் கோதுமையும் வந்தது.

இங்கே கோதுமையைக் கொண்டுவந்த அதே போர், ஹாலந்தில் அதைப் பறித்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ஊரே பட்டினி கிடக்க, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெவுக்குக் கோதுமைமேல் முன்பே சந்தேகம் உண்டு. 1950-இல் ஆய்வேடாகவே எழுதிவிட்டார்.

ஆனாலும் வயிற்றுப்போக்கும் உப்பிய வயிறும் மெலிந்த கைகால்களும்தான் அந்த நோய் என்று மருத்துவ உலகம் நெடுநாள் நம்பியது. 1966-இல் பிரிட்டனில் குக்கும் ஸ்மித்தும், நரம்புக் கோளாறுகளும் சேர்ந்திருந்த 16 நோயாளிகளை விவரித்தார்கள். எல்லோரும் பெரியவர்கள். குழந்தைகள் பக்கம் கண்ணைத் திருப்பியவர்கள் இத்தாலியர்கள்: வலிப்பு, மூளையின் பின்பகுதியில் சுண்ணாம்புப் படிவு, கூடவே சீலியாக். 1992-இல் கோப்பி குழுவினர் இதை வெளியிட்டார்கள். அந்தக் குழந்தைகள் சிலருக்கு வயிற்றுத் தொல்லையே இல்லை! கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தை எதிர்க்கக் கிளம்பும் எதிர்ப்பொருள்கள் சிறுமூளையைத் தாக்கினால் நடை தள்ளாடும். குழந்தைகளிடம் இது அரிது. தலைவலி அவ்வளவு அரிதல்ல.

தென்னாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2016-இல் வெளியான ஆய்வு வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினருக்கும் தெற்கில் 0.10 விழுக்காட்டினருக்கும் இந்நோயைக் கண்டது. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. வித்தியாசம் தட்டில்: வடக்கே நாளுக்குச் சுமார் 455 கிராம் கோதுமை, தெற்கே 25. ஆனால் இன்று பழவங்காடியிலிருந்து ஓவர்பிரிட்ஜ் வரை நடந்தால் கோதுமை மைதாப் பொரோட்டாக் கல்லின் சத்தம் கேட்காமல் போகாது.

காரணம் பிடிபடாத தள்ளாட்டமோ வலிப்போ பிள்ளைக்கு இருந்தால், சீலியாக் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.