நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு கணக்கு போதும்?

புதுச்சேரியில் இலவசக் கணக்கு டியூஷன் நடத்தும் எங்களிடம் பலரும் கேட்கிறார்கள்: "இந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டல், கழித்தல் வந்தால் போதாதா?" அக்கறையோடு கேட்பவர்களும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வி புதிதல்ல தோழர்களே. இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். முந்திரி என்றால் 1/320, காணி 1/80, மா 1/20. நிலம், நெல், வரி எல்லாம் இந்தப் பின்னங்களில்தான் கணக்கிடப்பட்டன. அந்தத் திண்ணையில் சேரிப் பிள்ளைக்கு இடமில்லை.

அப்படியானால் சேரிக்குக் கணக்கே தெரியாதா? வயலில் கோல் பிடித்து நிலத்தை அளந்தவர்கள் வெட்டியான்களாக வைக்கப்பட்ட நம் முன்னோர். ஓலையில் எழுதியவர் ஊர்க் கணக்கர். நம் ஊரிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் செந்தில் பாபு, தமிழ்நாட்டுக் கணித வரலாறு பற்றி 2022-இல் வெளியிட்ட நூலில் இந்த உறவை ஆராய்கிறார். நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. அளந்தவருக்குக் கூலி கிடைத்தது. எழுதியவருக்கு அதிகாரம் கிடைத்தது. அளந்தவருடைய அறிவை யாரும் அறிவென்று மதிக்கவில்லை.

1894-இல் சென்னை அடையாறு அருகே கர்னல் ஆல்காட் பஞ்சமர்களுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். கதவே இல்லாத இடத்தில் ஒரு கதவு திறந்தது; அது பெரிய காரியம். ஆனால் தமிழ் எழுதப் படிக்க, எளிய கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், சமையல் என்ற அளவிலேயே அவருடைய திட்டம் நின்றது. ஏமாறாமல் பிழைக்கும் அளவுக்குத்தான் கல்வி. மேலே ஏறும் அளவுக்கு அல்ல.

நம்மிலிருந்தே ஒருவர் பள்ளி தொடங்கியபோது அந்த அளவு மாறியது. 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அது தொடக்கப் பள்ளியோடு நிற்கவில்லை. விடுதியோடு உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. ‘போதும்’ என்ற சொல்லை அவர் ஏற்கவில்லை.

இன்று அந்தச் சொல் வேறு உருவில் வருகிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. 2020 பொதுத்தேர்விலிருந்து அதில் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ‘ஸ்டாண்டர்டு’, ‘பேசிக்’ என இரண்டு வினாத்தாள்கள். பாடம் ஒன்றுதான், பேசிக் தாள் எளிது. ஆனால் பேசிக் எழுதியவர் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுக்கக் கூடாது என்பதே விதியாக வந்தது. சில ஆண்டுகள் அதைத் தளர்த்தினார்கள் என்றாலும், பொறியியலுக்குப் போகும் வழி பதினைந்து வயதிலேயே அடைபடும் ஆபத்து இருக்கிறது.

பேசிக் எடுப்பது இழிவல்ல. விளைவு தெரிந்து, பிள்ளையே விரும்பி எடுத்தால் அது அவர் உரிமை. "உனக்கு பேசிக் போதும்" என்று இன்னொருவர் முடிவு செய்வதைத்தான் எதிர்க்கிறோம். எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சிலர் இதைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

எனவே எங்கள் டியூஷனை நாங்கள் தர்மம் என்று சொல்வதில்லை. நமக்குத் தர மறுத்த ஒன்றைத் திரும்பப் பெறும் வேலை இது. கல்லூரியில் படிக்கும் தோழர்கள் வாரம் இரண்டு மாலை ஒதுக்குங்கள். பின்னத்தில் தொடங்குங்கள், பெரும்பாலான பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். உங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் முன் எந்தத் தாள், ஏன் என்று கேளுங்கள், பெற்றோரிடமும் விளக்குங்கள்.

எவ்வளவு கணக்கு போதும் என்பதை இனி நம் பிள்ளைகளே சொல்லட்டும்.

ஜெய்பீம்.