பேச்சிலிருந்து பிறந்த பாட்டு

ஓபராவில் பாத்திரங்கள் சண்டை போடுவதும், சூழ்ச்சி செய்வதும், சாவுச் செய்தி சொல்வதும் பெரும்பாலும் ரெசிடேடிவ் என்னும் பேச்சுப்பாட்டில்தான். அடுத்த பெரிய பாட்டுக்காகக் காத்திருக்கும் ரசிகருக்கு அது வெறும் இடைநிரப்பாகத் தோன்றலாம். உண்மையில், அந்தப் பேச்சுப்பாட்டைத் தேடிப் போனவர்கள் கையில்தான் ஓபராவே பிறந்தது.

1570களில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், ஜொவான்னி தே பார்தி என்ற பிரபுவின் வீட்டில் அறிஞர்களும் இசைவாணர்களும் கூடுவார்கள். பழைய கிரேக்க இசை கேட்பவரை அழவைத்தது, கொதிக்கவைத்தது என்று ஏடுகள் சொல்கின்றன. நம் இசைக்கு ஏன் அந்த வலு இல்லை? இதுவே அவர்களை அரித்த கேள்வி. ரோமில் இருந்த ஜிரோலமோ மேய் என்ற கிரேக்க அறிஞர் கடிதங்களில் பதில் அனுப்பினார். கிரேக்கர்கள் ஒற்றை மெட்டில் பாடினார்கள், அவர்களுடைய துன்பியல் நாடகங்கள் முழுக்க முழுக்கப் பாடப்பட்டவை என்பது அவர் முடிவு. நாடகம் முழுவதும் பாட்டு என்பதை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் இவ்வளவு பலன் தந்த தவறான நம்பிக்கை இசை வரலாற்றில் வேறு உண்டா என்று தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் வின்சென்சோ கலிலேயி; லூட் வாசிப்பவர், வானியலாளர் கலிலியோவின் தந்தை. அன்றைய மாட்ரிகல் பாட்டில் நாலைந்து குரல்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு சொற்களைப் பாடும், கவிதை நசுங்கிவிடும். 1581இல் வெளியிட்ட நூலில் அவர் அதைச் சாடினார். நாடகக் கொட்டகைக்குப் போய், பிரபு வேலைக்காரனிடம் எந்தக் குரலில் பேசுகிறான், கோபக்காரன் எப்படி, காதலன் எப்படி என்று கவனியுங்கள் என்றும் இசையமைப்பாளர்களுக்குச் சொன்னார்.

அதைச் செய்து காட்டியவர் யாக்கோபோ பேரி. பாடகரான அவர் பேச்சை உற்றுக் கேட்டார். பேசும்போது சில அசைகளில் குரல் ஊன்றி நிற்கிறது. மற்றவை ஊன்றாமல் ஓடிவிடுகின்றன. அப்படியானால் ஊன்றும் அசையில் மட்டும் துணை வாத்தியத்தின் கீழ்ச்சுரம் மாறினால் போதும். அடுத்த ஊன்றல் வரும்வரை அது அசையாமல் நிற்கட்டும். அதன்மேல் பாடகரின் குரல் இசைந்தும் முரண்பட்டும் தன் போக்கில் ஓடட்டும். மகிழ்ச்சியில் ஓட்டம் வேகமாகும், துயரத்தில் தயங்கும். எளிய ஏற்பாடுதான், ஆனால் பாடகரைத் தாளத்தின் பிடியிலிருந்து விடுவித்து, நடிக்க வைத்தது இதுதான். இது கிரேக்கர் பாடிய முறையேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன் என்று பேரியே எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காகவும் அவரை எனக்குப் பிடிக்கும்.

கவிஞர் ரினுச்சினியோடு சேர்ந்து அவர் படைத்த ‘தாஃப்னே’ ஓபரா 1598இல் அரங்கேறியது. அதன் இசை பெரும்பாலும் அழிந்துபோனது. பிழைத்தது ‘யூரிடிசே’. 1600 அக்டோபர் 6 அன்று, மரியா தே மெடிசிக்கும் பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றிக்கும் நடந்த திருமணக் கொண்டாட்டத்தில், பிட்டி அரண்மனையில் பேரியே அதன் நாயகன் ஓர்ஃபியோவாக நின்று பாடினார். போட்டியாளர் கச்சீனி அதே கவிதைக்குத் தானும் இசையமைத்து, முந்திக்கொண்டு அச்சிட்டார்.

அதே ஆண்டு பிப்ரவரியிலேயே ரோமில் எமீலியோ தே கவாலியேரி, ஆன்மாவும் உடலும் வாதிடும் சமய நாடகம் ஒன்றை இந்த நடையில் மேடையேற்றியிருந்தார். நடந்த இடம் ஒரு தேவாலயத்தின் பிரார்த்தனைக் கூடம். சமயக் கதையைப் பாட்டாகச் சொல்லும் ஆரடோரியோவின் வேர் அங்கேதான்.

1607இல் மான்டுவாவில் மான்டவெர்டி தன் ‘ஓர்ஃபியோ’வில், மணமகளின் மரணத்தைத் தூதுப்பெண் சொல்லும் காட்சிக்கு இந்த நடையைக் கையாண்டார். இந்த வடிவத்தின் முதல் சிகரம் என்று அதைத்தான் சொல்வேன். பின்னாளில் பாக், இயேசுவின் துன்பங்களைச் சொல்லும் தன் ‘மத்தேயு பாடுகள்’ இசைப்படைப்பில் கதைசொல்லியை இந்த நடையில்தான் பாடவைத்தார். இயேசுவின் சொற்களுக்கு மட்டும் வயலின் முதலான தந்தி வாத்தியங்களைச் சேர்த்தார். 1846இல் பர்மிங்ஹாமில் அரங்கேறிய ‘எலியா’ ஆரடோரியோவில் மெண்டல்சோன் இன்னும் துணிந்தார்: ஆர்கெஸ்ட்ராவின் முன்னிசைக்கும் முன்பாகவே, மழை பெய்யாது என்ற தீர்க்கதரிசியின் அறிவிப்பைப் பேச்சுப்பாட்டாக வைத்து நாடகத்தைத் தொடங்கினார்.