பாரன் தீவு எரிமலைக் கூம்பு

அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 135 கி.மீ. தொலைவில், ஆள் குடியில்லாத பாரன் தீவின் நடுவே உள்ள சாம்பற் கூம்பு. இந்தியாவில் இன்றும் உயிர்ப்புடன் இருக்கும் ஒரே எரிமலை இது.

அமைப்பு: இந்தியப் புவித்தட்டு பர்மா தட்டின் அடியில் செருகுவதால் எழுந்த எரிமலை வரிசையில் இது ஒன்று. கடலடியில் 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மலையின் உச்சி மட்டுமே ஏறக்குறைய 3 கி.மீ. குறுக்களவுள்ள தீவாகத் தெரிகிறது. நீருக்கு மேலுள்ள பாறைகளில் மிகப் பழையது சுமார் 16 லட்சம் ஆண்டு வயதுடையது. பிற்காலத்தில் மலையின் தலை சரிந்து, சுமார் 2 கி.மீ. அகலப் பெருவாய் உண்டானது. அதற்குள் சாம்பலும் கற்துண்டுகளும் குவிந்து எழுந்ததே இளைய கூம்பு. பெருவாய்ச் சுவர் மேற்குப் பக்கம் உடைந்திருப்பதால் எரிகுழம்பு அவ்வழியே கடலுக்கு இறங்குகிறது.

பதிவுகள்: இதன் முற்கால வரலாறு அவ்வழியே போன கப்பல்களின் குறிப்புகளால் ஆனது. கப்பல் வராத ஆண்டுகளில் நடந்தது பதிவாகவில்லை. முதல் சீற்றம் 1787இல் குறிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் லயல் தம் புவியியல் நூலில் இக்கூம்பின் படத்தைச் சேர்த்ததால் உலக அறிஞர்களுக்கு அறிமுகமானது. 1832க்குப் பின் சீற்றச் செய்தி இல்லை. அந்த அமைதிக் காலத்தில் எஃப். ஆர். மாலட் தீவை ஆய்ந்தார். அவர் அறிக்கையை இந்தியப் புவியியல் ஆய்வகம் 1885இல் வெளியிட்டது. 1891இல் ஒரு நீராவிக் கப்பல் விட்டுச்சென்ற ஆடுகள் இங்கே காட்டாடுகளாகப் பெருகின.

மீண்டும் சீற்றம்: ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1991இல் கூம்பு மீண்டும் சீறியது. 1994–95இலும் 2005 மே மாதத்திலும் சீற்றம் தொடர்ந்தது. பின்னது, 2004 டிசம்பர் சுமத்ரா நிலநடுக்கத்துக்கு ஐந்து மாதங்களுக்குப் பின் நிகழ்ந்ததால், இரண்டுக்கும் தொடர்புண்டா என்ற விவாதத்தைக் கிளப்பியது. 2017 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவன அறிவியலாளர்கள் கப்பலிலிருந்தே சீற்றத்தை நேரில் கண்டனர். பகலில் சாம்பல் மட்டும் தெரிந்தது. இருட்டிய பின் செங்குழம்பு பீறிடுவது தெரிந்தது.

கண்காணிப்பு: தீவில் இறங்க அனுமதி வேண்டும், பயணிகள் படகிலிருந்தே பார்க்கின்றனர். இப்போது செயற்கைக்கோள்கள் கூம்பின் வெப்பத்தை அளக்கின்றன. விமானங்களுக்கான சாம்பல் எச்சரிக்கையை ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம் வெளியிடுகிறது.