ஜெர்டன் தாவும் எறும்பு

ஜெர்டன் தாவும் எறும்பு தென்னிந்திய மலைக்காடுகளிலும் அவற்றை ஒட்டிய ஈரப்பாங்கான நிலங்களிலும் மண்ணுக்குள் கூடு அமைத்து வாழும் எறும்பினம். அறிவியல் பெயர் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர். இலங்கையிலும் காணப்படுகிறது. கால்களால் உந்தித் தாவுவது, பகலில் கண்ணால் பார்த்துத் தனியாக வேட்டையாடுவது, ராணி இறந்த பின் வேலைக்கார எறும்புகளே முட்டையிட்டுக் குடியைத் தொடர்வது ஆகிய மூன்றும் இதன் தனித்தன்மைகள். தாவல்தான் இதற்குப் பேர் வாங்கித் தந்தது. ஆனால் இந்த எறும்பை அறிய விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் கூட்டை. பருவமழை கொட்டும் சரிவில் நனையாத வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டதுதான் அதன் குடும்ப அமைப்பையே மாற்றியிருக்கிறது.

தோற்றமும் தாவலும்

வேலைக்கார எறும்பு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நீளமிருக்கும். தலையும் மார்பும் துருச்சிவப்பு, வயிறு கறுப்பு, கால்கள் மஞ்சள். தாடைகள் நீண்டு, மெலிந்து, நுனியில் மேல்நோக்கி வளைந்திருக்கும். கண்கள் தலையின் முன்பக்கத்தில் பெரிதாகப் பிதுங்கி நிற்கும். பெரும்பாலான எறும்புகள் மோப்பத்தை நம்பி நடப்பவை. இது அசைவைக் கண்டதும் நின்று, தலையைத் திருப்பி, தூரத்தைக் கணித்துப் பாயும். நெருங்கிப் பார்க்கும் மனிதரின் பக்கமும் அது தலையைத் திருப்பும். முதன்முறை பார்ப்பவருக்கு, எறும்பு நம்மைப் பார்க்கிறது என்று தோன்றுவதில் வியப்பில்லை.

ஒரு தாவலில் சுமார் 10 சென்டிமீட்டர் வரை கடக்கும். பரோனி அர்பானி, முஸ்தாக் அலி முதலியோர் 1994-ல் வெளியிட்ட ஆய்வு இதன் இயக்கத்தை விளக்கியது: நடுக்கால் இணையும் பின்கால் இணையும் ஒரே நேரத்தில் உதைக்கின்றன. இதே குழுவைச் சேர்ந்தவர்கள் 1992-ல் இந்தத் தாவல்களைத் தனித்தனி வகைகளாகப் பிரித்துக் காட்டியிருந்தனர். தப்பிக்கத் தாவுவது ஒன்று, இரையைப் பிடிக்கத் தாவுவது இன்னொன்று. மூன்றாவது வகையில் கூட்டத்தில் பல எறும்புகள் சேர்ந்து, வெளிப்படையான நோக்கம் எதுவுமின்றித் தாவும்.

உலகில் தாவும் எறும்புகள் வேறு சிலவும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மிர்மீசியா இனங்கள் சிலவும், தென்னமெரிக்கக் காடுகளின் ஜைகன்டியாப்ஸும் தாவும். நம் மலைகளிலேயே உள்ள ஓடன்டோமேகஸ் எறும்பும் துள்ளும். ஆனால் அது அகல விரித்த தாடையைத் தரையில் அறைந்து, அந்த விசையில் பின்னோக்கி எகிறுவது. கால் உதைத்து முன்னோக்கிப் பாயும் ஜெர்டன் எறும்பை இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே பிரித்தறியலாம்.

சிலந்தி, சிள்வண்டு, கரப்பான் வகைகள் போன்றவை இதன் இரை. கொடுக்கால் குத்தி மரத்துப்போகச் செய்து, உயிரோடு கூட்டுக்குக் கொண்டுவரும். மரத்துப்போன இரை உடனே அழுகாது என்பதால் அதைச் சேமித்து வைக்க முடிகிறது. இளம்புழுக்கள் அதை நேரடியாகவே தின்கின்றன.

வகைப்பாடு

இந்த இனத்தை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் மருத்துவராக வந்து, நெல்லூர், தலைச்சேரி ஆகிய ஊர்களில் பணியாற்றியவர். பறவைகள், பாலூட்டிகள் பற்றிய நூல்களால் இன்றும் அறியப்படுபவர். தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை 1851-ல், சென்னையிலிருந்து வந்த 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்ரேச்சர் அண்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். அதில்தான் ஹார்பெக்னாதஸ் என்ற பேரினமும் சால்டேட்டர் என்ற இனமும் சேர்ந்தே பிறந்தன. அரிவாள் போன்ற தாடையையும் தாவும் குணத்தையும் குறிக்கும் பெயர் அது. மரப்பட்டையில் ஓடும் சிவப்பும் கறுப்புமான டெட்ராபொனேரா ரூஃபோநைக்ராவும் படைபோல் அணிவகுத்துச் செல்லும் லெப்டோஜெனிஸ் புரோசெஷனாலிஸும் அதே பட்டியலில் விவரிக்கப்பட்டவையே. தென்னிந்திய எறும்பியலின் அடிப்படை ஆவணம் ஒன்று சென்னையில் அச்சேறியது என்பது இங்கே போதிய அளவு பேசப்படாத செய்தி.

லண்டனில் இருந்த பிரெடரிக் ஸ்மித் 1858-ல் இதே வகை எறும்புகளுக்கு டிரெபனோக்னாதஸ் என்று வேறொரு பேரினப் பெயர் வைத்தார். முந்திய பெயருக்கே உரிமை என்ற விலங்கியல் பெயரிடல் விதிப்படி ஜெர்டன் வைத்த பெயர் நிலைத்தது. சி. டி. பிங்கம் 1903-ல் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்குத் தொகுதியின் எறும்புப் பகுதி இந்த இனத்தைப் பரவலாக அறியச் செய்தது.

வரிசை ஹைமனாப்டிரா, குடும்பம் பார்மிசிடே, துணைக்குடும்பம் பொனரினே, குலம் பொனரினி. கொடுக்கு உள்ள, சிறு கூட்டங்களாக வாழும், ராணிக்கும் வேலைக்கார எறும்புக்கும் உருவ வேறுபாடு குறைவாக உள்ள எறும்புகள் பொனரினேயில் மிகுதி. நம் வீட்டு முற்றத்தில் ஓடும் கட்டெறும்பு ஃபார்மிசினே என்ற வேறு துணைக்குடும்பம். அதற்குக் கொடுக்கு கிடையாது, கடித்து அமிலத்தைப் பீச்சும். ஆகவே பருமனை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. ஷ்மிட், ஷாட்டக் இருவரும் 2014-ல் பொனரினேயை மறுசீரமைத்தபோது, நெருங்கிய உறவுள்ள வேறு பேரினம் இல்லாததால் ஹார்பெக்னாதஸைத் தனியொரு குழுவாகவே வைத்தனர். இப்பேரினத்தின் மற்ற இனங்கள் தென்கிழக்கு ஆசியாவில் உள்ளன. வெனேட்டர் என்ற இனம் வடகிழக்கு இந்தியா, மியான்மர் பக்கம் வாழ்கிறது. பிலிப்பைன்ஸிலும் சில இனங்கள் உண்டு.

வாழிடமும் கூடும்

மேற்குத் தொடர்ச்சி மலையும் அதை ஒட்டிய இலையுதிர் காடுகளும் இதன் முதன்மை வாழிடம். கர்நாடகத்தில் சராவதி ஆற்றின் ஜோக் அருவிப் பகுதி அதிகம் ஆராயப்பட்ட இடம். நிழல் விழும், சருகு மூடிய, மண் இறுகிய தரையில் கூட்டின் வாய் சிறிதாகத் திறந்திருக்கும். மேலே மண்மேடு எழும்பாது. கடந்து போகும் ஒருவர் காலடியில் கூடு இருப்பதையே கவனிக்க மாட்டார்.

உள்ளே நிலைமை வேறு. கிறிஸ்டியன் பீட்டர்ஸ், பெர்ட் ஹோல்டாப்லர், மார்க் மாஃபெட், முஸ்தாக் அலி ஆகியோர் 1994-ல் இதன் கூட்டமைப்பைப் பதிவு செய்தனர். மேல்மட்ட அறைக்குக் கனத்த வளைகூரை இருக்கிறது. அறையின் வெளிச்சுவரைச் சுற்றிலும் வெற்றிடம் ஒன்று விடப்பட்டிருக்கிறது. அதாவது அறை சுற்றியுள்ள மண்ணோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. கனமழையில் ஊறும் நீர் அந்த இடைவெளியில் இறங்குமே தவிர, அறைக்குள் எளிதில் வராது. வாயில்களைச் சுற்றி மண்ணால் விளிம்பு கட்டப்பட்டிருக்கும். உட்சுவர்களில் காலியான பட்டுக்கூடுகளின் துண்டுகளும் காய்ந்த தாவரத் துணுக்குகளும் ஒட்டப்பட்டிருக்கும். சுவருக்குக் காகிதம் ஒட்டுவதற்கு நிகரான வேலை இது. அதற்கும் கீழே குப்பைக்கென்றே ஓர் அறை. இரையின் எச்சங்கள் அங்கே கொட்டப்படும். மிலிச்சிடே குடும்பத்து ஈக்களின் புழுக்கள் அந்தக் கழிவில் வாழும்.

இவ்வளவு உழைப்பும் ஒரு சிறு குடிக்காகத்தான். கூட்டின் சராசரி வேலைக்காரர் எண்ணிக்கை 65 அளவில்தான் இருக்கிறது. பல்லாயிரம் பேர் சேர்ந்து கட்டும் எறும்புப் புற்றுகளோடு ஒப்பிட்டால் இந்த வீட்டின் மதிப்பு புரியும்.

குடியின் அமைப்பு

இங்குதான் வாழிடமும் சமூக அமைப்பும் பின்னிக்கொள்கின்றன. புதிய குடியை ராணி தனியாகவே தொடங்குகிறது; தானே வெளியே சென்று வேட்டையாடி முதல் குஞ்சுகளை வளர்க்கிறது. பொதுவாக எறும்புக் குடியில் ராணி இறந்தால் குடியும் சிறிது சிறிதாக அழியும். இந்த எறும்புக்கு அப்படி நேர்ந்தால் பெரும்பாடுபட்டுக் கட்டிய வீடு வீணாகிவிடும். அதைத் தடுக்கும் வழி வேலைக்காரர்களிடமே உள்ளது: அவை சொந்தக் கூட்டின் ஆண்களோடு இனச்சேர்க்கை கொண்டு முட்டையிட வல்லவை. இப்படி முட்டையிடும் வேலைக்கார எறும்பை 'கேமர்கேட்' என்கிறார்கள். பீட்டர்ஸும் ஹோல்டாப்லரும் 1995-ல் இந்த வாழ்க்கைச் சுழற்சியைக் கூட்டின் மதிப்போடு இணைத்து விளக்கினர்.

ராணி இல்லை என்று தெரிந்ததும் கூட்டில் போட்டி தொடங்குகிறது. இரண்டு எறும்புகள் எதிரெதிரே நின்று உணர்கொம்பால் மாறி மாறி ஒன்றையொன்று அடிக்கும். ஒன்று முன்னேற மற்றது பின்வாங்கும், பிறகு பின்வாங்கியது முன்னேறும். இரத்தமில்லாத இந்தச் சண்டை பல வாரங்கள் நீடிக்கும். கடைசியில் ஒன்றல்ல, பல எறும்புகள் முட்டையிடும் தகுதி பெறுகின்றன. வேறு எறும்புகளுக்குச் சூலகம் வளரத் தொடங்கினால் கூட்டாளிகள் அவற்றைப் பிடித்து நிறுத்திக் கட்டுப்படுத்துகின்றன.

டயகாமா இண்டிகம் என்ற பொனரினே எறும்பை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு ராணியே கிடையாது. கூடு சேதமானால் ஒன்றின் பின் ஒன்றாக வழிகாட்டி, மொத்தக் குடியையும் வேறிடத்துக்கு மாற்றிவிடும். எளிய கூட்டில் இருப்பதற்கு இடம்பெயர்வது கட்டுப்படியாகிறது. ஜெர்டன் எறும்பு தலைமுறைகளை மாற்றிக்கொண்டு வீட்டைத் தக்கவைக்கிறது.

ஆய்வுக்கூடத்தில்

கர்நாடகக் காடுகளிலிருந்து சென்ற குடிகள் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. 2010-ல் முழு மரபணுத் தொகுதி வெளியிடப்பட்ட முதல் எறும்புகளில் இதுவும் ஒன்று. 2017-ல் மோப்ப உணர்வுக்குத் தேவையான ஓர்கோ என்ற மரபணுவை இதில் செயலிழக்கச் செய்து பார்த்தனர். அந்த எறும்புகள் கூட்டத்தோடு ஒட்டாமல் அலைந்தன.

வேலைக்கார எறும்பு சுமார் ஏழு மாதங்கள் வாழும். அதுவே கேமர்கேட் ஆனால் ஆயுள் ஏறத்தாழ நான்கு ஆண்டு. அந்த மாற்றத்தில் சூலகம் பெருக்கிறது, மூளையோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. வேட்டைக்குப் போகாத எறும்புக்கு அவ்வளவு மூளை தேவைப்படுவதில்லை. கேமர்கேட்டை மீண்டும் வேலைக்கார நிலைக்குத் திருப்பினால் மூளை பழைய அளவுக்கு வளர்வதை 2021-ல் கிளின்ட் பெனிக், யூர்கன் லீபிக் குழுவினர் காட்டினர். வளர்ந்த பூச்சியின் மூளை சுருங்கி மறுபடியும் வளர முடியும் என்பது எறும்பியலைத் தாண்டியும் முக்கியமான முடிவு.

தர்மபுரி மலைகளில் தேடுவோருக்கு

தர்மபுரி மாவட்டம் மைசூர்ப் பீடபூமி தமிழகச் சமவெளிக்கு இறங்கும் விளிம்பில் இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கு பெய்கின்றன. காடுகளில் பெரும்பகுதி வறண்ட இலையுதிர் காடும் முட்காடும்தான். ஆகையால் மாவட்டம் முழுவதையும் சலிக்கத் தேவையில்லை. வத்தல்மலையின் காபித் தோட்ட நிழல், சித்தேரி மலையின் ஓடைப் பள்ளங்கள், ஒகேனக்கல்லை ஒட்டிக் காவிரிக் கரையில் நீர்மருது நிற்கும் மேட்டு நிலம் ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். மழைக்குப் பிந்திய நாட்களின் காலை நேரம் நல்லது. வரிசை போகும் எறும்புகளை விட்டுவிட்டு, சருகின் மேல் தனியாக நடந்து, நின்று, தலையைத் திருப்பும் எறும்பைத் தொடர வேண்டும். இரையோடு திரும்பும் எறும்பு கூட்டின் வாயைத் தானே காட்டிக்கொடுக்கும்.

அடையாளம் உறுதிப்பட மூன்று படங்கள் தேவை: தாடை தெரியும்படி முன்பக்கத் தலை, கண்ணும் இடுப்புக் கணுவும் தெரியும் பக்கவாட்டுத் தோற்றம், கூட்டின் வாய். இடம், உயரம், தேதி, மரநிழல், மண்ணின் தன்மை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். கையில் எடுத்தால் கொட்டும். கூட்டை வெட்டித் திறந்து பார்ப்பது கூடவே கூடாது. அறுபது எழுபது எறும்புகளால் அந்த வளைகூரையையும் வெற்றிடத்தையும் அடுத்த மழைக்குள் மறுபடி கட்டிவிட முடியாது. பாதை போடவோ தோட்டத்தைச் சமன்படுத்தவோ சரிவில் ஜேசிபி இறங்கும்போதும், சருகுக்குத் தீ வைக்கும்போதும் நேர்வதும் இதே சேதம்தான்.