பார்வையும் செவித்திறனும் ஒருங்கே குறைந்தோருக்கான உளவியல் மதிப்பீடு

பார்வை, செவித்திறன் இரண்டும் குறைந்தவர்களின் அறிவு வளர்ச்சியையும் மனநிலையையும் கண்டறிந்து துணைநிற்கும் துறை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நிலையைப் பல்வகைக் குறைபாடுகளுள் சேர்த்தது. மும்பையில் 1977இல் பெரோஸ் வாச்சா நிறுவிய ஹெலன் கெல்லர் நிறுவனம் இந்தியாவில் இத்தகையோருக்கான கல்வியில் முன்னோடி. தமிழ்நாட்டில் முட்டுக்காட்டிலுள்ள, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் (நிப்மெட், 2005) முக்கியமானது.

பிறவியிலேயே இந்நிலை வருவதற்கு, தாய்க்குக் கர்ப்பகாலத்தில் வரும் ரூபெல்லா ஒரு காரணம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. இந்நிலைக்கு இன்னொரு காரணமான அஷர் நோய்க்குறி உள்ளவர்களுக்குச் செவித்திறன் குறைவு முதலில் தெரியும். மாலைக்கண்ணும் பார்வை இழப்பும் பின்னால் வரும்.

வழக்கமான சோதனைகள் இங்கே தவறான முடிவு தரும். பினே-காமத் அறிவுத்திறன் சோதனையின் கேள்விகளைக் காதால் கேட்க வேண்டும், படங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டும் இயலாத குழந்தைக்குக் கிடைக்கும் குறைந்த மதிப்பெண், அறிவுத்திறன் குறைபாடு என்று சான்றிதழில் ஏறிவிடுவது பெரும் அநீதி. உடலை ஆட்டுவதும் கண்ணை அழுத்துவதும் ஆட்டிசமாகத் தோன்றும். முன்னறிவிப்பின்றித் தொட்டவரைத் தள்ளிவிட்டால் மூர்க்கம் என்பார்கள், திடுக்கிட்டதுதான் உண்மை.

நெதர்லாந்தின் கல்வியாளர் யான் வான் டைக் வகுத்த முறையில் மதிப்பீட்டாளர் குழந்தையின் போக்கில் போகிறார். குழந்தை ஆடினால் உடலோடு உடல் ஒட்டித் தானும் ஆடுகிறார். சட்டென நிறுத்திக் காத்திருக்கிறார். குழந்தை அவர் கையை இழுத்தாலோ மறுபடி அசைந்தாலோ நினைவாற்றல், எதிர்பார்ப்பு, கேட்டுப் பெறும் விருப்பம் மூன்றும் வெளிப்படுகின்றன. குளிப்பாட்டும்முன் சொம்பையும், சோற்றுக்குமுன் தட்டையும் தொடக் கொடுத்துப் பழக்கினால் அடுத்து வருவது தெரிந்து பதற்றம் தணியும்.

வளர்ந்தபின் பார்வை இழப்பவர்களின் துயரம் வேறு. இல்லாத உருவங்கள் தெரியும் சார்லஸ் போனே நிலையை மனச்சிதைவு என்று கருதி மருந்து கொடுத்துவிடக் கூடாது. உள்ளங்கையில் எழுதியோ தொடு சைகையிலோ ஆலோசனை நடக்கும்போது, வீட்டாரே மொழிபெயர்த்தால் வீட்டைப் பற்றிய மனக்குறையைச் சொல்ல முடியாது. பயிற்சி பெற்ற வெளியாள் வேண்டும்.

திருவண்ணாமலை–செஞ்சி சாலையிலுள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரிலிருந்து முட்டுக்காடு வெகுதூரம். பல மணிநேரப் பேருந்துப் பயணத்தில் களைத்து, அறியாத அறையில், அறியாத கைகளுக்கு நடுவே குழந்தை தன் திறமையைக் காட்டாது. வீட்டுவழிக் கல்விக்கு வரும் வட்டார வள மையச் சிறப்பாசிரியருக்குத் தொடுவழி மதிப்பீட்டில் பயிற்சி அளித்து, பாட்டியின் வளையலைத் தடவி ஆளை அடையாளம் காண்பது போன்ற செய்திகளைத் தாயிடமே கேட்டுக் குறித்து, அந்தக் குறிப்போடு உளவியலாளரிடம் அனுப்புவதே சரி.